கும்பிடுவார் இல்லாத தெய்வங்கள்

ரோமப் பேரரசன் தியோடோசியஸ் 391, 392ஆம் ஆண்டுகளில் பிறப்பித்த ஆணைகள் பழைய தெய்வங்களுக்குப் பலியிடுவதையும் அவற்றின் கோயில்களுக்குள் நுழைவதையும் குற்றமாக்கின. அதற்கு 1,400 ஆண்டுகளுக்குப் பிறகு, அதே தெய்வங்கள் பாரிஸின் வார்ப்புப் பட்டறைகளிலிருந்து வெண்கலமாக வெளிவரத் தொடங்கின. டயானா, மெர்க்குரி, மினர்வா, பாக்கஸின் கூட்டாளிகளான ஃபான்கள், தீசியஸ், மினோடார் என்று 19ஆம் நூற்றாண்டுப் பிரான்சின் வெண்கலச் சிற்பம் ஒரு பழஞ்சமயத்தின் முழுப் பரிவாரத்தையும் பூங்காக்களுக்கும் வீட்டுக் கூடங்களுக்கும் கொண்டுவந்தது. ஆனால் அவற்றுக்குப் பூசை இல்லை, படையல் இல்லை, நேர்ச்சை இல்லை. ஜூனோவிடம் வரம் கேட்பதற்காக எவரும் ஜூனோவின் சிலையை வாங்கவில்லை. அப்படியானால் அவை என்ன? கும்பிடுவார் அற்றுப்போன பின் ஒரு தெய்வ உருவத்தில் சமயப் பொருள் ஏதும் எஞ்சுமா, அல்லது அது அழகான உலோகம் மட்டும்தானா? சமயத்தை எங்கே தேடுவது என்பதே இதற்குள் அடங்கியிருக்கும் கேள்வி. வழிபாடு நின்றுவிட்டாலும் சில உருவங்கள் சமயத்தின் வேலையைத் தொடர்ந்து செய்கின்றன; வேறு சில செய்வதில்லை. இரண்டையும் பிரித்துக் காட்டும் அளவுகோல், தன் எதிரே நிற்பவரிடம் அந்த உருவம் எதைக் கேட்கிறது என்பதே. இதை நிறுவ அந்தப் பிரெஞ்சு வெண்கலங்களைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

முதலில், எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு எடுத்துக்கொள்வோம். ஜெர்மானியத் தத்துவஞானி ஹெகல் 1820களில் பெர்லினில் நிகழ்த்திய அழகியல் விரிவுரைகளில் இதற்கு ஒரு தீர்ப்பு சொல்லியிருந்தார். கிரேக்கத் தெய்வச் சிலைகளை நாம் எவ்வளவு மெச்சினாலும் அந்த மெச்சுதல் வணக்கமாக மாறப்போவதில்லை. மனித குலம் தன் உயர்ந்த உண்மையைக் கலையின் வழியாக அறிந்த காலம் முடிந்துவிட்டது என்பது அவர் கருத்து. அடுத்த சில பத்தாண்டுகளில் பிரெஞ்சுச் சந்தை அதை மெய்ப்பித்தது போலவே தோன்றுகிறது. அஷீல் கோலா என்ற பொறியாளர் 1830களில் ஓர் இயந்திரத்தை உருவாக்கினார். பெரிய சிலையின் வடிவத்தைத் தடவிச் சென்று, விகிதம் பிசகாமல் சிறிய அளவில் மறுபடியும் செதுக்கித் தரும் கருவி அது. வெண்கல வார்ப்புத் தொழிலதிபர் ஃபெர்டினான் பார்பெதியென் அவரோடு கூட்டுச் சேர்ந்து 1838இல் தொழில் தொடங்கினார். 1820இல் மீலோஸ் தீவில் கண்டெடுக்கப்பட்டு லூவர் அருங்காட்சியகம் சேர்ந்த வீனஸ், வீட்டு அலமாரிக்குப் பொருந்தும் உயரத்தில் விற்பனைக்கு வந்தாள். தெய்வங்கள் கடிகாரத்தின் மேல் அமர்ந்தன, மெழுகுவர்த்தி ஏந்தின. லூயி-ஃபிலிப் மன்னரின் மகனான மோன்பான்சியே கோமகனுக்காக 1840களில் செய்யப்பட்ட ஒன்பது விளக்குத் தண்டில் ஜூனோ, மினர்வா, வீனஸ் மூவரும் அடியில் அமர்ந்திருக்கிறார்கள். உச்சியில் மூன்று கிரேசஸ் தேவியர் நிற்கிறார்கள். ஒரு காலத்தில் நகரங்களைக் காத்தவர்கள் விருந்து மேசைக்கு வெளிச்சம் தாங்குகிறார்கள். ஒரு சமயம் முற்றாக இறந்துவிட்டது என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்று கேட்பவரை எளிதில் மறுக்க முடியாது.

ஆனால் அந்த விளக்குத் தண்டை வடித்த அதே கைகள் அதே பத்தாண்டில் செய்த இன்னொரு வெண்கலத்தையும் பார்க்க வேண்டும். சிற்பி அந்த்வான்-லூயி பாரீ. 1795இல் பாரிஸில் பொற்கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். ஓவியர் தெலக்ருவாவோடு பாரிஸ் விலங்குக் காட்சிசாலைக்குச் சென்று, உயிருள்ள விலங்குகளை வரைந்தும் இறந்தவற்றை அறுத்து அளந்தும் கற்றவர். 1831ஆம் ஆண்டின் சலோன் கண்காட்சியில் அவர் வைத்த, புலி முதலையைக் கடித்துக் குதறும் சிற்பம் அவருக்குப் பெயர் தந்தது. அந்த விலங்குச் சிற்பங்களில் கொலை உண்டு, குற்றம் இல்லை. புலி பசிக்குக் கொல்கிறது; முதலை உயிருக்குத் துடிக்கிறது; பார்ப்பவர் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல இடமில்லை. 1843இல் பாரீ இந்த உலகத்துக்குள் ஒரு மனிதனை நுழைத்தார். மினோடாரோடு போரிடும் தீசியஸ் அவன். சுமார் 45 சென்டிமீட்டர் உயரமே உள்ள இந்த வெண்கலத்தில் இரண்டு உடல்கள் பின்னிக் கிடக்கின்றன. காளைத் தலை கொண்ட மினோடார் தன் எதிரியை இறுகப் பற்றி முறுக்குகிறான். தீசியஸோ நிமிர்ந்து நின்று அவன் தலையைப் பிடித்துக் குறுவாளை ஓங்கியிருக்கிறான். அவன் முகத்தில் சினமில்லை, அச்சமில்லை, வெற்றிக் களிப்பும் இல்லை. தொன்மைக் கிரேக்கச் சிலைகளின் அசைவற்ற முகத்தை வேண்டுமென்றே அவனுக்குப் பொருத்தியிருக்கிறார் பாரீ.

அந்த முகம்தான் கேள்வி. அறிவு மிருகத்தனத்தை அடக்குகிறது என்று இதைப் படிப்பது வழக்கம். சிற்பத்தின் கட்டமைப்பும் அதற்கு இடம் தருகிறது: நிமிர்ந்த கோடு மனிதனுடையது, வளைந்த கோடு மிருகத்துடையது. ஆனால் கதையை அறிந்தவர் அதோடு நிற்க முடியாது. பலியிடுவதாக வாக்களித்துக் கடல் தெய்வம் பொசைடனிடம் பெற்ற காளையைக் கிரீட் தீவின் மீனோஸ் மன்னன் தனக்கே வைத்துக்கொண்டான். அதற்குத் தண்டனையாக அவன் மனைவிக்கு வந்த தீராத மோகத்தில் பிறந்தவன் மினோடார். அவன் பிறவி அவன் குற்றமன்று. தந்தையாக இருக்க வேண்டியவனே அவனைச் சிக்கறையில் அடைத்தான். ஏதென்சிலிருந்து இளைஞர்களையும் பெண்களையும் வரவழைத்து அவனுக்கு இரையாக்கினான். பிறர் பாவத்தின் விளைவாகப் பிறந்து, பிறர் வைத்த இரையைத் தின்று வளர்ந்த ஓர் உயிரை, நிறுத்தியே ஆக வேண்டிய ஓர் உயிரை, அமைதியான முகத்தோடு ஒருவன் கொல்கிறான். அந்த அமைதி நீதியின் அமைதியா, உணர்வு மரத்துப்போனதன் அடையாளமா? மினோடாரின் உடல் கழுத்துவரை மனித உடலே. தீசியஸின் தசையும் அவன் தசையும் ஒரே கையால், ஒரே அக்கறையோடு வடிக்கப்பட்டவை. தீமை எங்கிருந்து வருகிறது, அதைச் சுமப்பவனே அதற்குப் பொறுப்பாளியா, அதை அழிப்பவன் அதனால் கறைபடாமல் இருக்க முடியுமா என்பவை எந்தச் சமயமும் தப்பிக்க முடியாத கேள்விகள். பாரீ அவற்றுக்கு விடை தரவில்லை. ஆனால் அவற்றைக் கேட்காமல் நகர முடியாதபடி பார்ப்பவரை நிறுத்திவைக்கிறார். 1850இல் அவர் காட்சிக்கு வைத்த இரண்டாவது தீசியஸ், குதிரையுடல் கொண்ட சென்டார் ஒருவனின் முதுகில் ஏறிக் கழுத்தை நெரித்துத் தடியை ஓங்குகிறான். ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்லும் கதையில் சென்டார்கள் மண விருந்துக்கு அழைக்கப்பட்ட உறவினர்கள். குடி தலைக்கேறி மணமகளைக் கவர முயன்றவர்கள். அங்கும் மிருகம் வெளியிலிருந்து வரவில்லை. அதற்கு இலை போட்டு உட்காரவைத்தவர்கள் மனிதர்களே.

விளக்குத் தண்டையும் தீசியஸையும் அருகருகே வைத்தால் ஒன்று தெளிவாகிறது. சிற்பி ஒருவரே; உலோகம் ஒன்றே; புராணம் ஒன்றே; காலமும் ஒன்றே. இன்னும் சொல்லப்போனால் விளக்குத் தண்டில் இருப்பவர்கள் தேவியர். தீசியஸோ மனித வீரன். வழிபாட்டு வரலாற்றை வைத்துப் பார்த்தால் புனிதம் மிகுந்திருக்க வேண்டியது விளக்குத் தண்டில்தான். ஆனால் அது நம்மை மகிழ்வித்துவிட்டு விட்டுவிடுகிறது, மற்றது விடுவதில்லை. ஆகவே தெய்வப் பெயரோ, கலைஞனின் திறமையோ, மூலக்கதையோ ஓர் உருவத்துக்குச் சமயப் பொருளைத் தானாகக் கொடுத்துவிடுவதில்லை. உருவம் நம்மேல் ஓர் உரிமை கொண்டாட வேண்டும். நாம் எப்படி வாழ்கிறோம் என்பதைக் கணக்குக் கேட்க வேண்டும். ஹெகலுக்கான விடையும் இங்கே இருக்கிறது. வணக்கம் நின்றுவிட்டது என்று அவர் கண்டது சரி. வணக்கத்தோடு சேர்ந்து கேள்வியும் நின்றுவிடும் என்று கொண்டால் அங்கேதான் பிழை. அவர் மறைந்த பின் பிரான்சிலேயே எழுத்தாளர் லூயி மேனார் 1863இல் கிரேக்கப் பல தெய்வக் கொள்கையைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். ஒன்றையொன்று விழுங்காமல் சமநிலையில் நிற்கும் பல தெய்வங்களில், தன்னாட்சி கொண்ட குடியரசின் அறத்தை அவர் கண்டார். கோயில் இல்லாத ஒரு சமயத்தை ஒருவர் சமயமாகவே மதித்துச் சிந்திக்க முடியும் என்பதற்கு அந்த நூல் சாட்சி.

1870ஆம் ஆண்டுப் போர் இந்த வாதத்தை இன்னும் ஓர் அடி முன்னே நகர்த்துகிறது. பிரஷ்யாவிடம் பிரான்சு தோற்றது. அல்சாஸையும் லொரேனின் ஒரு பகுதியையும் இழந்தது. 500 கோடி ஃபிராங்க் இழப்பீடு செலுத்த நேர்ந்தது. அப்போது ரோமில் தங்கிப் பயின்றுகொண்டிருந்த சிற்பி அந்தோனின் மெர்சியே, வெற்றி வீரனைத் தாங்கி வரும் சிறகுள்ள தேவியின் உருவத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார். தோல்விச் செய்தி வந்ததும் வீரனை மாற்றினார், தேவியை மாற்றவில்லை. 1874ஆம் ஆண்டின் சலோனில் உயர்ந்த பதக்கம் பெற்று, இன்று பாரிஸின் பெத்தி பலே அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘குளோரியா விக்டிஸ்’ (தோற்றவர்க்குப் புகழ்) அப்படி உருவானது. மார்புக் கவசம் அணிந்த தேவி சிறகை விரித்து எழுகிறாள். அவள் தோளில் உடைந்த வாளோடு உயிரற்ற இளைஞன் ஒருவன். பழைய கிரேக்கத்தில் சிறகுள்ள வெற்றித் தேவி வென்றவனிடம் வருவாள், அவனுக்கு முடிசூட்டுவாள். தோற்றவனைத் தூக்கிச் செல்வது அவள் வேலையாக இருந்ததில்லை. கும்பிடுவோர் இருந்த காலத்தில் அவள் செய்யாத ஒன்றை, கும்பிடுவோர் அற்ற காலத்தில் மெர்சியே அவளைச் செய்யவைத்தார். இறந்த மகனை மடியில் ஏந்தும் மரியாளின் உருவம் வேரூன்றிய ஒரு நாட்டில்தான் இது நிகழ்ந்திருக்க முடியும். ஆனால் அங்கே இறந்தவன் கடவுளின் மகன். இங்கே தோற்றுப்போன யாரோ ஒரு சிப்பாய். தோல்வி ஒரு மனிதனின் மதிப்பை அழிப்பதில்லை என்ற எண்ணம் ஒரு பழைய தெய்வத்தின் உடலுக்குள் புதிதாகப் புகுந்தது. இறந்த சமயத்தின் உருவம் புதிய சமயச் சிந்தனையைச் சுமக்க முடியும் என்றால் அதை வெறும் எச்சம் என்று எப்படிச் சொல்வது? ‘குளோரியா விக்டிஸ்’ சிலையின் படிகள் நியோர், போர்தோ போன்ற நகரங்களில் போர் நினைவுச் சின்னங்களாக நின்றன. பழிவாங்கும் மனநிலைக்கு அவை எண்ணெய் வார்த்தன என்று சொல்வோர் உண்டு. அதில் உண்மையும் உண்டு. எந்தச் சமயத்தின் குரலையும் தவறாகக் கேட்க முடியும். தவறாகக் கேட்கப்பட்டது என்பதே ஒரு குரல் இருந்ததற்குச் சான்று.

இதே தோல்வியின் நிழலில் சிற்பி ஓகுஸ்த் ரோதான் எதிர்த் திசையில் நடந்தார். பிரசெல்ஸில் ஒரு பெல்ஜியப் படைவீரரை மாதிரியாக நிறுத்தி அவர் வடித்த ஆடையற்ற ஆணுருவுக்கு முதலில் வைத்த பெயர் ‘தோற்றவன்’. இடக்கையில் ஓர் ஈட்டி இருப்பதாகவே அதை எண்ணியிருந்தார். பின்னர் ஈட்டியை நீக்கினார். பெயரையும் ‘வெண்கல யுகம்’ என்று மாற்றினார். 1877இல் பாரிஸில் காட்சிக்கு வந்தபோது, உயிருள்ள உடல்மேல் நேரடியாக அச்செடுத்துவிட்டார் என்று பழி எழுந்தது. 1880இல்தான் அரசு அதை வாங்கிக் கறையைத் துடைத்தது. இதில் தேவி இல்லை, வாள் இல்லை, சிறகு இல்லை. கண்களை மூடி, வலக்கையைத் தலைமேல் வைத்து, விழிப்புக்கும் வலிக்கும் நடுவில் ஒருவன் நிற்கிறான். புராணத்தில் எஞ்சியது பெயர் மட்டும். ஆனால் அந்தப் பெயர் சாதாரணமானதன்று. பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியட் சொல்லும் மனித யுகங்களில் மூன்றாவது வெண்கல யுகம். போரையே விரும்பித் தம் கைகளாலேயே அழிந்த மனிதர்களின் யுகம். அதை அறிந்தவருக்கு, ஈட்டி இழந்த அந்த வெறுங்கை பேசத் தொடங்குகிறது. ஆயுதம் இல்லாமல் நிற்பது அவமானமா, அல்லது மனிதன் மனிதனாக விழித்தெழுவதற்கு அதுதான் முதல் தேவையா? மெர்சியே தேவியை வைத்து ஆறுதல் சொன்னார். ரோதான் ஆறுதலையும் எடுத்துவிட்டுக் கேள்வியை மட்டும் நிறுத்தினார். இரண்டும் பழைய புராணத்தின் துணையில்லாமல் இந்த ஆழத்தை எட்டியிருக்க மாட்டா.

இங்கே அழகியல்வாதி குறுக்கிடுவார். புராணம் ஒரு சாக்கு. உடலைக் காட்டுவதற்குச் சமூகம் தந்த அனுமதிச் சீட்டு. பார்க்க வேண்டியது வடிவத்தை மட்டுமே என்பார். பல சிற்பங்களைப் பொறுத்தவரை இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சிற்பி அலெக்ஸாந்தர் ஃபால்கியேர் 1882இல் காட்டிய டயானா, வில்லேந்திய தேவி என்பதைவிடப் பாரிஸ் நகரத்து அழகி என்றே அக்காலத்தவர் பலருக்குத் தோன்றினாள். அவளைக் காண்பவருக்குள் சிறு அச்சமும் எழுவதில்லை. டயானாவின் கதையோ, காணத் தகாததைக் கண்ட வேட்டைக்காரன் ஆக்டியனைத் தன் நாய்களே கிழித்துக் கொன்ற கதை. பார்வைக்கும் ஒரு பொறுப்பு உண்டு என்று எச்சரிக்கும் கதை. எச்சரிக்கையை விட்டுவிட்டு மேனியை மட்டும் எடுத்துக்கொண்டால் எஞ்சுவது அலங்காரமே. ஆனால் இந்த உதாரணம் அழகியல்வாதிக்கு எதிராகவே திரும்புகிறது. புராணம் வெறும் சாக்காக இருந்தால் அதை நீக்குவதால் எதுவும் குறையக் கூடாது, இங்கே குறைகிறது. வெண்கலம் ஒரு கணத்தை மட்டுமே பிடித்து நிறுத்த வல்லது. அந்தக் கணத்துக்கு முன்னும் பின்னும் உள்ளதைக் கதைதான் தருகிறது. மினோடாரைக் கொன்ற தீசியஸ், வழிகாட்ட நூல் கொடுத்த அரியாட்னியைத் தீவில் கைவிட்டவன். கப்பலின் கறுப்புப் பாயை மாற்ற மறந்து தந்தையின் சாவுக்குக் காரணமானவன். ஓங்கிய வாளைக் காணும்போதே இவையும் சேர்ந்து தெரிகின்றன. செயலையும் அதன் விளைவையும் ஒருங்கே நினைக்கவைப்பது அறச்சிந்தனையின் முதல் பாடம். அதை வடிவம் மட்டும் கற்பிக்க முடியாது.

இதைவிட வலுவான மறுப்பு நம்பிக்கையாளரிடமிருந்து வருகிறது. சிலை தெய்வமாவது சிற்பியின் கையால் அன்று. கண் திறந்து, குடமுழுக்காட்டி, நாள்தோறும் பூசை செய்து, வீதியுலா எடுத்துச் செல்லும் ஒரு சமூகத்தால். அது இல்லாத இடத்தில் வெண்கலம் வெண்கலமே என்பார் அவர். இந்த மறுப்பை மதிப்போடு கேட்க வேண்டும். சடங்கு தரும் உறவை எந்த அருங்காட்சியகமும் தந்துவிட முடியாது. ஆனால் சடங்கு இல்லாவிட்டால் எதுவும் இல்லை என்ற முடிவுக்கு எதிராக ரோதானே ஒரு சான்று விட்டுச் சென்றிருக்கிறார். சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள திருவாலங்காட்டு நடராசரை அவர் நேரில் கண்டதில்லை. கலை ஆய்வாளர் விக்தர் கொலுபேவ் கொண்டுவந்த புகைப்படங்களில்தான் கண்டார். அவற்றைப் பார்த்து அவர் எழுதிய குறிப்புகள், 1917இல் அவர் மறைந்த பிறகு, 1921இல் ‘ஆர்ஸ் ஏசியாட்டிகா’ வரிசையில் வெளிவந்தன. கோயிலைவிட்டு வந்த திருமேனி, அதன் படம், அந்தச் சமயத்தை அறியாத ஓர் அயல்நாட்டு முதியவர்: மூன்று மடங்கு விலகியிருந்தும் அந்த உருவம் அவரை நிறுத்திவைத்துப் பேசவைத்தது. அவர் அடைந்தது ஒரு சைவர் அடைவது அன்று. ஆனால் அது ஒன்றுமில்லாததும் அன்று. வழிபாடு ஓர் உருவத்தோடு மனிதனுக்குள்ள உறவின் நிறைவு. அந்த உறவின் தொடக்கம் வேறெங்கோ இருக்கிறது. தன்னைவிடப் பெரிய ஒன்று தன்னிடம் ஏதோ கேட்கிறது என்ற உணர்வில் அது தொடங்குகிறது. அந்தத் தொடக்கம் இல்லாமல் நடக்கும் சடங்கு வெறும் பழக்கமாகிவிடும் என்பதை நம்பிக்கையாளர்களே காலந்தோறும் சொல்லி வந்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு கேள்வி: மனத்தை உலுக்குவது எல்லாம் சமயம் என்றால், போர்க்களப் புகைப்படம் ஒன்றும் சமயப் பொருளாகிவிடாதா? வேறுபாடு இருக்கிறது. புகைப்படம் இன்ன நாளில் இன்னாருக்கு நேர்ந்ததைச் சொல்கிறது. நாம் இரங்கிவிட்டு, அது நமக்கு நேரவில்லை என்று விலகிவிட முடியும். புராணம் எந்த நாளிலும் எவருக்கும் நேர்வதைச் சொல்கிறது. அதிலிருந்து விலக நமக்கு வாசல் இல்லை. வாக்கு மீறிய மீனோஸ், பிறர் குற்றத்தைச் சுமந்த மினோடார், அமைதியாக வாள் ஓங்கிய தீசியஸ் ஆகிய மூவரில் நான் யார் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் மூவருமே என்றுதான் விடை வருகிறது. தெய்வங்கள் வரம் கொடுப்பதை நிறுத்திய பின்னும் இந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்தவில்லை. அவற்றிடம் பெற ஒன்றுமில்லை என்பதாலேயே, பேரம் பேச இடமில்லாத ஒரு நேர்மை அந்தச் சந்திப்பில் கூடிவிடுகிறது.

1941 அக்டோபரில், ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் பிரான்சை ஆண்ட விஷி அரசு, உலோகத் தேவைக்காகப் பொது இடங்களிலிருந்த வெண்கலச் சிலைகளை இறக்கி உருக்கச் சட்டம் போட்டது. பாரிஸ் தன் சிலைகள் பலவற்றை அப்போது இழந்தது. தொன்மைக் கிரேக்கத்தின் வெண்கலங்களில் பெரும்பகுதியும் முன்பு இப்படித்தான் உலைக்குப் போயிருந்தது. இவற்றில் என்ன இருக்கிறது, எடைக்கு இவ்வளவு செம்பு என்று கணக்கிடும் பார்வைக்கும், வழிபாடு இல்லை, ஆகவே பொருள் இல்லை என்று முடிக்கும் பார்வைக்கும் இடையே தொலைவு நாம் நினைப்பதைவிடக் குறைவு. இரண்டுமே உருவம் பேசத் தொடங்குமுன் காதை மூடிக்கொள்கின்றன. பழைய சமயங்களின் உருவங்கள் இன்று உலகெங்கும் அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. கும்பிடுவோர் திரும்பி வரப்போவதில்லை. அவற்றின் முன் மண்டியிட வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. ஆனால் அழகாக இருக்கிறது என்று சொல்லி நகர்ந்துவிடும் உரிமையும் நமக்கு இல்லை. அவை கேட்பதைக் கேட்டு, நம் வாழ்வைக்கொண்டு அதற்கு மறுமொழி சொல்வது, நம்பிக்கையுள்ளவர், நம்பிக்கை இழந்தவர் இருவருக்கும் பொதுவான ஒரு சமயக் கடமை.